சீமைப் பெருச்சாளியின் நீர்க்கல்

ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் முன்னாளில் ஏரிப்பாய்ச்சலாய் இருந்த நிலங்களுட் பல, இந்நாளில் தொழிற்சாலைகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அக்குடியிருப்புகளில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் இசைவது அரிது. ஆகவே பிள்ளைகளின் ஆசையை முன்னிட்டுக் கூண்டுப் பிராணிகளை வாங்குவோர் உளர். அவற்றுள் ஒன்று சீமைப் பெருச்சாளி. ஆங்கிலேயர் இதனைக் கினிப் பன்றி என்பர். இது கினியிற் பிறந்ததுமன்று, பன்றியுமன்று. நம்மவர் இட்ட பெயரோ அதனினும் பொருந்தாதது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டார் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்கென வளர்த்துப் பழக்கிய சாதுவான புல்லுண்ணி இது.

எம் இல்லத்திலும் ஆண் ஒன்று வளர்கின்றது. பசுவுக்கு அகத்திக்கீரை ஈவது புண்ணியம் எனக் கேட்டு வளர்ந்தவர்களாகிய யாம், அதே அன்போடு இதற்கும் நாடோறும் அகத்தியும் முருங்கைக்கீரையும் ஊட்டினோம். ஒருநாட் காலையில் கூண்டின் துணியிற் சிவந்த கறை கண்டோம். நீர் விடும்போது அது முதுகைக் கூனிக் கீச்சிட்டது. அருகிலிருந்த வைத்தியர் ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தார்; குணமாயிற்று. ஒரு மாதம் சென்று மீண்டும் அதே கறை, அதே மருந்து. மூன்றாம் முறை வந்தபோதுதான் சென்னைக்குக் கொண்டுசென்று எக்ஸ்ரே படம் எடுப்பித்தோம். நீர்ப்பையில் துவரம்பருப்பளவு கல் ஒன்று வெண்மையாய்த் தெரிந்தது. இம்மூன்று மாதமும் அப்பிராணி அக்கல்லோடு உழன்றது எம் அறியாமையால் என்பதை ஈண்டு ஒளிக்க விரும்புகிலேம்.

இதன் காரணம் அறியற்பாலது. பெரும்பாலான பிராணிகளின் குடல் உடலுக்கு வேண்டிய அளவே சுண்ணச்சத்தை ஏற்கும். எஞ்சியது மலத்தோடு கழியும். சீமைப் பெருச்சாளியோ, முயலைப் போலவே, உண்டதிற் பெரும்பங்கை இரத்தத்தில் ஏற்று, மிகுதியைச் சிறுநீர் வழியே தள்ளுகின்றது. அதன் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது. காரநீரில் சுண்ணம் எளிதிற் படியும். அமெரிக்காவில் இவற்றின் கற்களை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அவற்றுட் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்டே எனக் கண்டது. கிளிஞ்சலும் முட்டை ஓடும் எப்பொருளோ அப்பொருளே இதுவும். மருந்தூட்டி இதனைக் கரைக்கும் வழி இன்னும் கைவந்திலது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, கல்லோடு கூடிய அழற்சியைச் சில நாள் தணிக்கும். கல் இருந்த இடத்திலேயே இருக்கும். மீண்டும் மீண்டும் வருவதாக நாம் எண்ணும் வியாதி பலகால் நீங்காதிருந்த வியாதியே.

ஆதலின் கறை கண்டவிடத்துப் படம் எடாமல் மருந்து மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதைச் சிகிச்சை என யாம் ஒப்போம். சிவப்பெல்லாம் இரத்தமும் அன்று. சில இலைகளின் சாயத்தாலும் சிறுநீர் செந்நிறம் காட்டும். பெண் பிராணியாயின் கருப்பையினின்றும் இரத்தம் வரக்கூடும். சோதனைத் தாளும் படமும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஆணின் நீர்வழி குறுகியது; கல் அதில் அடைபட்டு நீர் நின்றுபோமாயின், மறுநாள் பார்ப்போம் எனத் தாழ்த்தலாகாது. வீட்டில் எஞ்சிய அமாக்சிசிலின் முதலிய பென்சிலின் வகை மருந்துகளைத் தாமே புகட்டுதல் கொடிது. அவை இதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து நச்சுயிர்களைப் பெருக்கி, உயிரையே வாங்கிவிடும். 1940-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் பென்சிலினைச் சுண்டெலிகளிடத்துச் சோதித்தனர். சீமைப் பெருச்சாளியிடத்துச் சோதித்திருப்பின், நஞ்சென்று அதனை ஒதுக்கியிருப்பரோ என்னவோ!

இனி உணவு. நூறு கிராம் அகத்திக்கீரையில் ஏறத்தாழ 900 முதல் 1,100 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். கறிவேப்பிலையில் 600-க்கு மேல். மனிதருக்கு இவை நல்லன. இதற்கு நாடோறும் ஆகா. குதிரைமசாலும் அத்தகையதே. குட்டிக்கும் சினைக்கும் அது பொருந்தும். வளர்ந்த பிராணிக்கு வேண்டா. கடைகளில் விற்கும் குளிகைத் தீனியில் அது கலந்துள்ளதா எனப் பையைத் திருப்பிப் படித்தல் வேண்டும். வேண்டுவது புல்லே. பிற தேயத்துக் காய்ந்த புல் இங்கு விலை மிக்கது. வைக்கோல் படுக்கைக்கு உதவுமேயன்றி உணவாகப் போதாது. அறுகம்புல் நம்மிடத்து எங்கும் கிடைப்பது. பிள்ளையார் கோயில் வாயிற் பூக்கடைகளிற்கூட அதனை விற்கின்றனர். பெருச்சாளி வாகனருக்கு உரிய புல் இச்சீமைப் பெருச்சாளிக்கும் உகந்ததாயிற்று! ஆனால் கனரக வண்டிகள் ஓடும் சாலையோரத்துப் புல்லை அறுத்தல் கூடாது; புகையும் தூசும் படிந்தது அது. ஏரிக்கரையில் அறுத்ததையும் அலசியே இடல் வேண்டும். சி வைட்டமினைத் தன் உடலில் ஆக்கவல்லதன்று இப்பிராணி. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ஹோல்ஸ்ட், பிரோலிச் என்போர் ஸ்கர்வி நோயை இதனிடத்தே உண்டாக்கிக் காட்டினர். அதற்குச் சிறு துண்டு கொய்யாவும் குடைமிளகாயும் போதும். இரண்டிலும் சுண்ணம் குறைவு. சுண்ணச்சத்தை அறவே நீக்குதலும் பிழை. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும்.

நீரும் பெரிது. இரவு வேலைக்குச் சென்று காலையில் உறங்குவோர் இல்லங்களில் குப்பியின் முனை அடைத்துக்கொண்டதை ஒரு பகல் முழுதும் ஒருவரும் பாராதிருத்தல் கூடும். யாம் குப்பியோடு ஒரு மட்கிண்ணமும் வைக்கின்றேம். புல்லையும் ஈரத்தோடே இடுகின்றேம்.

எம் பிராணியின் கல்லை அறுவையால் எடுத்தனர். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பிராணிக்கு ஆயிரக்கணக்கிற் செலவா என நகைத்தார் நண்பர் ஒருவர். விலை கடைக்காரன் இட்டது. வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றோம். அவர் ஒப்பினாரல்லர். கல் மீண்டும் தோன்றக்கூடும் என்று வைத்தியர் முன்னரே சொல்லிவிட்டார். சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அடுத்த படம் ஐப்பசியில். அதுவரை கூண்டில் வெள்ளைத் துணி விரித்து, விடியலில் விளக்கேற்றி முதலில் அதனையே பார்க்கின்றேம்.