ஈயம் ஒட்டத் தெரிந்த கை

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வாப்பாவின் ஜி.பி.எஸ். கருவி கடலில் வைத்து நின்றுபோனது. கரை தெரியும் தூரம் என்பதால் அல்ஹம்துலில்லாஹ், வள்ளம் பத்திரமாக இறக்கக்கண்டிக்கு வந்து சேர்ந்தது. நகரத்துக் கடையொன்றில், "போர்ட் போயிட்டுது, புதுசு வாங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நிலாவெளியில் ரேடியோ திருத்தும் ஒரு நானா அதைத் திறந்து பார்த்தார். உள்ளே உப்புப் பூத்திருந்தது. மின் வரும் இடத்தில் ஒரு முனை பச்சை பிடித்து, ஒட்டு விட்டிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். அரை மணித்தியால வேலை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு தோழி கேட்டாள்: "இப்ப எல்லாம் மெஷின்தானே ஒட்டுது, நாம ஏன் பழகணும்?"

நியாயமான கேள்வி. தொழிற்சாலையைப் பொறுத்தவரை இயந்திரம் வென்றுவிட்டது. பலகையில் ஈயப் பசையைப் பூசுவது ஓர் இயந்திரம். தடையிகளையும் கொள்ளளவிகளையும் மணிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்து வைப்பது இன்னோர் இயந்திரம். பிறகு பலகை ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ் சூடுள்ள அடுப்பினூடாகப் போக, எல்லா ஒட்டும் ஒரே தடவையில் முடிந்துவிடும். கைபேசிக்குள் இருக்கும் சில தடையிகள் 1 மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாதவை. அவற்றை நாள் முழுதும் கையால் ஒட்டு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது கொடுமை.

ஆனால் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பரில் அதை மூடினார்கள். அதற்குக் காரணம் இயந்திரம் அல்ல. வரி வழக்கும், கைபேசி வியாபாரம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபோது இந்தத் தொழிற்சாலை வெளியே விடப்பட்டதும்தான். என் கவலை வேறு. அப்படிப்பட்ட வரிசையில் ஒருத்திக்கு ஒரு வேலை: பலகையை ஏற்றுவது, மூடியை மாட்டுவது, சோதித்துப் பார்ப்பது. ஆயிரக்கணக்கான கைபேசிகள் கையைக் கடந்து போகும், ஒரு கைபேசியையாவது திருத்தும் அறிவு கைக்கு வராது. கதவு மூடினால் அவள் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவாள்?

ஒரே மாதிரியான ஆயிரம் பலகைகளுக்கு இயந்திரம் நல்லது. பழுதான பலகைகளோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. தொழிற்சாலைக்குள்ளேயே பிழைத்த ஒட்டைச் சரிசெய்யச் சூட்டுக்கோல் பிடித்த ஆள் தேவைப்படுகிறார். எங்கள் ஊரிலோ உப்புக்காற்றுத் தொடாத பொருளே இல்லை. வள்ளத்து விளக்கு, சார்ஜர், மின்விசிறி, ரேடியோ எல்லாம் பழுதாகின்றன. ஒரு மேசை, ஒரு சூட்டுக்கோல், ஒரு மல்ரிமீற்றர் இருந்தால் வீட்டிலிருந்தே இவற்றில் பலவற்றைத் திருத்தலாம். மகளுக்குத் தையல் மெஷின் வாங்கித் தரும் பெற்றோர் இதையும் யோசிக்கலாமே.

உம்மாவின் பயம் புகைக்கு. அந்தப் புகை ஈயத்தினுடையதல்ல, ஒட்டுப் பிடிப்பதற்குச் சேர்க்கும் மரப்பிசின் எரிவது. அதற்காக அலட்சியம் கூடாது, அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தைப் புகைக்கு மேல் வைக்கக் கூடாது. ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக. சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஈயமில்லாத பற்றாசும் உண்டு. ஆனால் மற்றது 183 பாகையில் உருக, இது 217க்கு மேல்தான் உருகும். புதிதாகப் பழகுவோருக்குச் சற்றுச் சிரமம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இலிருந்து இருக்கிறது. "அது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு" என்று வீட்டிலேயே முடிவெடுத்து விடுகிறோம். எடுப்பவர்களுக்கும் ஆசிரியர் செய்து காட்ட, சுற்றி நின்று பார்ப்பது மட்டும் போதாது. ஒவ்வொருத்தி கையிலும் சூட்டுக்கோல் வர வேண்டும்.

அன்று அந்த நானா என்னிடமும் ஒரு பழைய பலகையைத் தந்தார். என் முதல் ஒட்டு மங்கலாக, கொழுக்கட்டை மாதிரி வந்தது. "முதல்ல கம்பியச் சூடாக்குங்க மகள், ஈயம் தானா ஓடும்" என்றார். ஒன்பதாவது ஒட்டுத்தான் மினுங்கியது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார்.