கடினமான பாட்டு நமக்கு எதற்கு?

கல்லூரி நாள் நெருங்கினால் நம் இசை மன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும்: குழுவாக எந்தப் பாட்டைப் பாடுவது? “எல்லாருக்கும் தெரிந்த மெட்டாக இருக்கட்டும், கைதட்டல் நிச்சயம்” என்பது ஒரு கட்சி. “சற்றுக் கடினமானதாக இருக்கட்டும்” என்பது மறு கட்சி. சென்ற ஆண்டு வரை நான் முதல் கட்சி. இந்த ஆண்டு கட்சி மாறிவிட்டேன். காரணம் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு எளிய மெட்டு ஒன்றைப் பாடினோம். நான்கே நாள் ஒத்திகை. கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் பன்னிரண்டு பேரில் உண்மையில் பாடியவர்கள் ஐவர்தாம். மற்றவர்கள் வாயசைத்தோம். ஆம், அந்த எழுவரில் நானும் ஒருவன்!

இந்த ஆண்டு மன்றப் பொறுப்பாசிரியர் அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்றை மிஸ்ர சாபு தாளத்தில் கொடுத்தார். மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. வல்லினமும் மெல்லினமும் இடம் மாறினால் சந்தமே சிதைந்துவிடும். மூச்சு விடும் இடத்தைக்கூட முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வாயசைத்துத் தப்ப முடியாது. தாளம் போடும் கை காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரம் வெட்கப்பட்டேன். மூன்றாம் வாரம் பாடினேன்.

அப்படியானால் கடினமான பாட்டெல்லாம் நல்லதா? இல்லை. பொதுவாக ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியும் பெண் குரலுக்கு ஐந்து கட்டைச் சுருதியும் பொருந்தும். இருபாலரும் ஒரே சுருதியில் பாடும்போது, மேல் ஸ்தாயியில் நெடுந்தூரம் ஏறும் பாட்டு ஒரு சாராருக்கு எட்டாது. பிருகாக்கள் நிறைந்த பாட்டோ ஒருவரைப் பாடகராக்கி, மற்றவர்களை ஒத்து ஊதுபவர்களாக்கிவிடும். தாளமும் உச்சரிப்பும் அப்படியல்ல. உழைத்தால் எல்லாருக்கும் வசப்படும். ஆகவே, ஒருவரின் திறமையைக் காட்டும் கடினம் வேண்டாம், பன்னிருவரும் பங்கு போட்டுக்கொள்ளும் கடினமே வேண்டும் என்பது என் கருத்து.

பக்திப் பாடல்தான் வேண்டும் என்பதில்லை. எம்.பி. சீனிவாசன் (1925–1988) மெட்ராஸ் யூத் கொயர் குழுவைக் கொண்டு பாரதியின் பாடல்களைப் பல குரல் அடுக்குகளாகப் பாடவைத்தார். அந்த வழியிலும் நாம் முயலலாம்.

மேடையில் ஓரிடத்தில் எங்கள் தாளம் நழுவியது உண்மை. மறு ஆவர்த்தனத்தில் பன்னிருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். கைதட்டல் சென்ற ஆண்டைவிடக் குறைவுதான். ஆனால் அந்தப் பாட்டு இன்றும் பன்னிருவர் நாவிலும் இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பாட்டை முதல் பருவத்திலேயே தேர்ந்து கொடுங்கள். மாலையில் ஒரு வகுப்பறையும் திறந்துவிடுங்கள். நான்கு நாளில் எளிய பாட்டைத்தான் பாட முடியும். நாங்கள் அதைவிடப் பெரியதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.