பச்சோந்தியை வெளியே விடலாமா?

செய்யாறு பக்கத்துக் கிராமத்துப் பையன்களுக்கு ஓணான் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தென்னங்குச்சியின் நுனியில் ஒரு சுருக்கு, வேலியோரம் மெதுவாக நாலு எட்டு.. அவ்வளவுதான். எப்போதாவது அதே வேலியில் ஓணானுக்குப் பதிலாக, பச்சைப் பசேலென்று, காற்றில் இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நடக்கும் ஒரு பிராணி கண்ணில் படும். அதுதான் பச்சோந்தி. இதற்குச் சுருக்குகூடத் தேவையில்லை, கையாலேயே எடுத்துவிடலாம். அப்புறம் என்ன? ஓர் அட்டைப்பெட்டி, நாலு இலை, இரண்டு வெட்டுக்கிளி. வளர்ப்புப் பிராணி தயார்!

இரண்டு நாள் கழித்து அது சுருண்டு கிடக்கும். "பாவம்டா, கொஞ்ச நேரம் வெளியே விடு, வெயில் படட்டும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். காலில் நூலைக் கட்டி முருங்கை மரத்தில் விடுவார்கள். இரக்கத்தில் செய்கிற காரியம்தான். ஆனால் சரியான காரியமா?

வளர்க்கும் பச்சோந்தியைப் பாதுகாப்பாக வெளியே விடுவது எப்படி என்று கேட்டால் இரண்டு பதில்கள் இருக்கின்றன. அது எந்த ஊர்ப் பச்சோந்தி என்பதைப் பொறுத்தது பதில்.

முதலில் நம்மூர்ப் பச்சோந்தி. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிற இந்த இனத்தைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டைப்பெட்டி அதற்கு ஏன் ஒத்துவராது என்று பாருங்கள். பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் தொடாது. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் தாகத்தில் சாகும். அசையாமல் கிடக்கும் செத்த பூச்சி அதன் கண்ணுக்கு இரையே இல்லை. கையில் எடுத்துக் கொஞ்சுவதும் அதற்குக் கொஞ்சலாகத் தெரியாது. பகைவனிடம் சிக்கியதாகத்தான் தெரியும். அப்போது உடம்பு கறுத்துப் போவதைப் பார்த்து "அய்.. நிறம் மாறுதுடா!" என்று கைதட்டுகிறோம். பச்சோந்தி பின்னணிக்கு ஏற்றபடி நிறம் மாற்றுகிறது என்பது பாதிக் கதை. பயம், கோபம், வெப்பம், குளிர், துணை தேடுதல், இவைதான் பெரும்பாலும் நிறத்தை மாற்றுகின்றன. கைதட்டுகிற நேரத்தில் அது பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

ஆகவே நம்மூர்ப் பச்சோந்திக்கு "கொஞ்ச நேரம் வெளியே" என்ற பேச்சே கூடாது. நூலை அவிழ்த்து, எந்த வேலியில் எடுத்தார்களோ அதே வேலியில், தரையில் இல்லாமல் கிளையில் விட்டுவிட வேண்டும். அடிபட்டிருந்தால் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நூல் கட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். கிளையைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே அமைந்த மெல்லிய கால் அது. நூல் இறுகினால் புண்ணாகும். காக்கை வந்தால் ஓடி ஒளியவும் முடியாது.

அடுத்தது வெளிநாட்டுப் பச்சோந்தி. ஏமன் நாட்டிலிருந்து வந்த கொண்டைத் தலைப் பச்சோந்தி, மடகாஸ்கர் தீவின் வண்ணப் பச்சோந்தி போன்றவற்றைப் பெருநகரங்களில் ஆசைக்கு வளர்க்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்கள். இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ல் விதி வந்திருக்கிறது.

இவற்றுக்கு வெயில் நிச்சயம் தேவை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லாவிட்டால் உண்ணும் கால்சியம் எலும்பில் சேராது, எலும்பு வளைந்து போகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்குப் பயன்படாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தாலோ அது தொட்டி இல்லை, அடுப்பு!

எனவே வலைக்கூண்டு வேண்டும். காலை வெயிலில் வைக்க வேண்டும். கூண்டில் பாதி நிழலாக இருக்க வேண்டும், எங்கே உட்காருவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். உள்ளே ஒரு செம்பருத்திச் செடி வைக்கலாம், பூச்சிமருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். அரளி கூடவே கூடாது, விஷம். இலைமேல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். காக்கையும் பூனையும் வரும், ஆகையால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நிறம் வெளிறி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும். செய்யாறு, ஆரணி பக்கத்துக் கத்திரி வெயிலில் நடுப்பகலில் வெளியே வைப்பது கொலைக்குச் சமம்.

"கூண்டு எதற்கு? மரத்தில் விட்டால் சந்தோஷமாக இருக்காதா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஹவாய் தீவுகள் பதில் சொல்கின்றன. 1972ல் அங்கே ஓவாஹு தீவில், பிராணிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து சில டஜன் மூன்று கொம்புப் பச்சோந்திகளை வரவழைத்தார். பயணத்தில் அவை மெலிந்துபோயிருந்தன. தேறட்டும் என்று தன் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, தோட்டத்தைத் தாண்டியும் போயின! இன்று பல தீவுகளில் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத அந்த மண்ணின் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஏமன் நாட்டுப் பச்சோந்திகள் இப்படியே காட்டில் குடியேறிவிட்டன. ஒருவருடைய இரக்கம் ஒரு தீவுக்கே தொல்லையாகிவிட்டது. நம்மூர் வேலிகளுக்கும் இது நடக்காது என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஏற்கெனவே வேலிகள் குறைந்து கல்தூணும் கம்பியும் வந்துகொண்டிருக்கின்றன. மிச்சமிருக்கும் வேலியில் நம்மூர்ப் பச்சோந்திக்குப் போட்டியாக இன்னொன்றும் வர வேண்டுமா?

பிள்ளைகள் பிராணிகளை வளர்த்தால்தானே அன்பு வரும் என்று சிலர் வாதாடுகிறார்கள். நாய் வளர்க்கட்டும், ஆடு வளர்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? அவை மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு பழகியவை. பச்சோந்தி அப்படி இல்லை. அதன் அழகு முழுவதும் கிளையில்தான் இருக்கிறது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று தனித்தனியாகச் சுழல்வதையும், தன் உடம்பளவு நீளமுள்ள நாக்கை வீசிப் பூச்சியைப் பிடிப்பதையும் வேலியோரம் அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த பிள்ளை, அதன்பின் பச்சோந்தியை ஒருநாளும் கல்லால் அடிக்காது. "விஷம், அடிச்சுப் போடு" என்று பெரியவர்கள் சொன்னாலும் "இல்ல தாத்தா, அதுக்கு விஷமே கிடையாது" என்று பதில் சொல்லும்.

வெளிநாட்டுப் பச்சோந்தி கூண்டோடு மட்டுமே வெளியே வரட்டும். நம்மூர்ப் பச்சோந்தி கூண்டே இல்லாமல் வெளியிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் அதுதான் பாதுகாப்பு, நம் வேலிகளுக்கும் அதுதான் பாதுகாப்பு!