தள்ளப்பட்ட ஜனமா?

பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. யூதர்கள் மேசியாவைத் தள்ளினார்கள். தேவன் யூதர்களைத் தள்ளினார். அவர்களுக்கென்று வைத்திருந்த இரட்சிப்பு புறஜாதியாரான நம் கைக்கு வந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகூட இதை ஒப்பிக்கும். ஆனால் வேதாகமம் இதைச் சொல்லவில்லை. சொல்லாதே என்றே புறஜாதி விசுவாசிகளை எச்சரிக்கிறது.

வழக்கமாக முதலில் காட்டப்படும் ஆதாரம் அப்போஸ்தலர் 13:46. பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் யூதர்கள் எதிர்த்துப் பேசியபோது, இனி புறஜாதியாரிடம் போகிறோம் என்று பவுலும் பர்னபாவும் அறிவித்தார்கள். உண்மைதான். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். அடுத்த ஊரான இக்கோனியாவில் அவர்கள் போய்ப் பேசிய இடம் யூதரின் ஜெபஆலயம். கொரிந்துவில் பவுல் அதே அறிவிப்பை மறுபடி செய்கிறார். இரண்டு வசனம் தள்ளி, ஜெபஆலயத் தலைவனான கிறிஸ்பு தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசிக்கிறான். பிறகு எபேசு, அங்கும் ஜெபஆலயம். ரோமாபுரியில் காவலில் இருந்தபடியே பவுல் முதலில் வரவழைத்ததும் யூதத் தலைவர்களைத்தான். ஓர் ஊரில் அடைபட்ட கதவைப் பற்றிய பேச்சை ஓர் இனத்தின் மேலான தீர்ப்பாக மாற்றியவர்கள் பின்னால் வந்த நாம்.

யூதர் மறுத்ததால்தான் வாசல் நமக்குத் திறந்தது என்பதும் காலவரிசையோடு ஒட்டவில்லை. செசரியாவில் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு போனது அந்தியோகியா சம்பவத்துக்கு முன்பே. எருசலேமில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் விசுவாசித்துவந்த காலம் அது. அதற்கும் வெகு முன்னால், ஆபிரகாமை அழைத்தபோதே பூமியின் வம்சங்கள் எல்லாவற்றுக்கும் ஆசீர்வாதம் வாக்களிக்கப்பட்டது. யூதரின் தவறுதலால் புறஜாதியாருக்கு இரட்சிப்பு வந்தது என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்று கேட்கலாம். எழுதியிருக்கிறார், ரோமர் 11:11-இல். அவர்கள் விழுந்துபோகும்படிக்கா இடறினார்கள் என்று கேட்டு, இல்லவே இல்லை என்று மறுத்த பிறகுதான் அதைச் சொல்கிறார். அவர்களுக்கு வைராக்கியம் பிறந்து திரும்பி வர வேண்டும் என்பதே அங்கே அவர் காட்டும் நோக்கம்.

அடுத்தது, இயேசுவின் இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் வரட்டும் என்று பிலாத்துவுக்கு முன் கூட்டம் கத்தியது. கிறிஸ்தவ வரலாற்றில் இவ்வளவு இரத்தம் சிந்தவைத்த வசனம் வேறில்லை என்பது என் எண்ணம். சிலுவை ரோம அரசின் தண்டனை; அங்கே கூடியிருந்தவர்கள் ஒரு நகரத்தின் ஒரு முற்றத்தில் நின்ற கூட்டம். அதைவிடப் பெரிய பதில் பெந்தெகொஸ்தே நாளில் இருக்கிறது. அதே எருசலேம், ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து. நீங்கள் சிலுவையில் அறைந்த இயேசு என்று கூட்டத்தைப் பார்த்துக் கூசாமல் சொன்ன பேதுரு, வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது என்று முடித்தார். பிள்ளைகள் மேல் கூட்டம் இழுத்துப் போட்ட பழிக்கு எதிரே, அதே பிள்ளைகளின் பெயரில் வாக்குத்தத்தம் நிற்கிறது. அன்று ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 3,000 பேரும் அங்கே கூடியிருந்த யூதர்களும் யூத மார்க்கத்தைத் தழுவியவர்களும்தான்.

இன்னொரு ஆதாரமாகக் காட்டப்படும் திராட்சத்தோட்டக் குத்தகைக்காரர் உவமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தங்களைக் குறித்தது என்று பிரதான ஆசாரியரும் பரிசேயரும் உணர்ந்தார்கள் என்று மத்தேயுவே எழுதிவிட்டார். ஜனங்களோ இயேசுவைத் தீர்க்கதரிசி என்று எண்ணியதாக அதற்கடுத்த வசனம் சொல்கிறது.

இனி ரோமர் 11-இல் வரும் ஒலிவமரம். கிலவுதியு இராயன் ஏறத்தாழ கி.பி. 49-இல் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றினான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படித்தான் கொரிந்துவுக்கு வந்தார்கள். 54-இல் அவன் இறந்தபின் பலர் திரும்பினார்கள். அவர்கள் இல்லாத இடைவெளியில் சபை புறஜாதியார் கைக்குப் போயிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். 57 வாக்கில் பவுல் எழுதிய நிருபம் அந்தச் சபைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்த் தோட்டத்தில் நாட்டு மாங்கன்றின் மேல் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டுக் கட்டுவார்கள். பவுல் அதைத் தலைகீழாக்கி, நல்ல மரத்தில் காட்டொலிவக் கிளை ஒட்டப்பட்டது என்கிறார். இது இயற்கைக்கு விரோதம் என்றும் அவரே சொல்கிறார். அந்தக் காட்டுக்கிளை நாம். வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது. ஆகவே முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசாதே என்கிறார். முறிந்தவற்றைத் தேவன் மறுபடி ஒட்டவைக்க வல்லவர், அவருடைய அழைப்பு மாறாதது என்றும் சேர்க்கிறார்.

அப்படியானால் யூதருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழியா என்று சிலர் கேட்கிறார்கள். பவுல் அப்படி நினைத்திருந்தால் தன் ஜனத்துக்காக ரோமர் 9-இல் அவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டார். முதலில் யூதருக்கும் பின்பு கிரேக்கருக்கும் என்று அவர் சொன்னது ஒரே சுவிசேஷத்தைப் பற்றி. புறஜாதியார் யூதராக மாறத் தேவையில்லை என்று எருசலேம் ஆலோசனைச் சங்கமும் முடிவு செய்தது. அவரவர் அவரவராகவே வரலாம். எல்லாரும் வந்துசேரும் கர்த்தர் ஒருவரே. இஸ்ரவேலர் எல்லாரும் எவ்விதம் இரட்சிக்கப்படுவார்கள் என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. பவுல் அதை இரகசியம் என்றார்.

பெருமை பேசாதே என்ற எச்சரிக்கையை மறந்த சபையின் கதை நீளமானது. 386, 387-ஆம் ஆண்டுகளில் சீரியாவின் அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கங்களிலும், 1543-இல் லூத்தர் எழுதிய நூலிலும் யூதர் மேல் கொட்டிய வசையை இன்று வாசித்தால் நெஞ்சு பதறுகிறது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றிருந்த யூதர் எல்லார்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் சுமத்தலாகாது என்று வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபர் 28-இல். பல நூற்றாண்டுகள் தாமதம்.

போதகர்களே, உபதேசியார்களே, வரும் பெரிய வெள்ளிக்குப் பிரசங்கம் எழுத உட்காருமுன் ரோமர் 11-ஐ ஒரே மூச்சில், சத்தமாக, சபையாருக்கு முன் வாசித்துவிடுங்கள்.