நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு முகவரி

"தப்பு செய்யாதவன் கேமராவுக்கு ஏன் பயப்படணும்?" கண்காணிப்பு பற்றி நாம் வாயைத் திறந்தாலே வந்து விழும் கேள்வி இது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தைப் பார்ப்போம். முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 2010-இல் 200-க்கும் மேற்பட்ட கேமராக்களைக் காவல்துறை நிறுவியது. பெரும்பாலானவை நம்பர் பிளேட்டைத் தானாகப் படித்துப் பதிபவை. சில மறைத்து வைக்கப்பட்டவை. உள்ளூர்க் குற்றங்களைக் குறைக்கத்தான் என்று மக்களிடம் சொன்னார்கள். பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. உண்மை தெரிந்ததும் மக்கள் திரண்டார்கள். கேமராக்களுக்கு பிளாஸ்டிக் பை மாட்டப்பட்டது. 2011-இல் அவை கழற்றப்பட்டன. அங்கே கண்காணிக்கப்பட்டது குற்றவாளிகள் அல்ல, ஒரு சமூகம்.

நம் மண்ணுக்கு இது புதிதல்ல. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கி, நடமாட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றியது. இன்று அந்தப் பதிவேட்டைக் கேமராவே எழுதுகிறது. சென்னை அண்ணா நகர் சந்திப்புகளில் 2019 முதலே இத்தகைய கேமராக்கள் உள்ளன.

நம்பரைத் தட்டினால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் காவல்துறைக்குக் கிடைக்கும். நம் ஊரில் முகவரியே சாதியைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டியிருந்ததே அதனால்தான்.

நாம் கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதை உலகுக்குக் காட்டியது ஒரு கேமராதான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் யோசியுங்கள். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு உயிருக்குப் பயந்து ஓடும் இணையரின் பைக் எந்தச் சந்திப்பைத் தாண்டியது என்ற தகவல், பெண் வீட்டாருக்கு வேண்டப்பட்ட ஒரு போலீஸ்காரர் வழியாக வெளியே போனால்? அந்த இருவரும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்தான். ஆனாலும் பயப்பட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே, பதிவு யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது என்பதே நம் கேள்வி. தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டியின் பதிவை உடனே அழிக்க வேண்டும் என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2008-இல் சொன்னது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் அதற்கு 3 நிமிடம்தான் தருகிறது. இங்கோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே கொடுத்துவிட்டது.

தோழர்களே, உங்கள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு எழுதுங்கள். நம்பர் பிளேட் கேமராக்கள் எந்தெந்தத் தெருக்களில் உள்ளன? பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன? யார் பார்த்தார் என்பதற்குக் கணக்கு உண்டா? பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைச் சேர்ந்து கேட்போம்.