காய்ச்சல்காரனுக்கு விடுமுறை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு வருஷந்தோறும் வந்து சேரும் இன்ஃபுளுயன்சா ஜுரத்தைக் குறித்துச் சர்க்கார் அறிக்கை விடுவதும், காய்ச்சல் முகாம்கள் நடத்துவதும், பீதி வேண்டாமென்று மந்திரிகள் தைரியம் சொல்வதும் அவசியந்தான் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால், நோய் கண்டவன் நாலைந்து நாள் வீட்டோடு கிடக்க வழி செய்யாத ஏற்பாடு எதுவும் அரைகுறையே என்பது என் துணிபு.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலின் வாயிலாகச் சென்னையில் இறங்கிய ஆசிய ஃப்ளூ, சில வாரங்களுக்குள் தேசமெங்கும் வியாபித்தது. ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, அதன்பின் ஐந்தாறு நாள் வரையில் பிறரைப் பற்றவல்லது இன்ஃபுளுயன்சாக் கிருமி. அதற்கு இன்று வாகனமாயிருப்பவர்கள் நாமேதான். உடம்பெல்லாம் வலிக்கிறதென்று மருந்துக்கடையில் சொன்ன மாத்திரத்தில், கடைக்காரர் நாலு அட்டைகளிலிருந்து கத்தரியால் நறுக்கி, வேளைக்கு மூன்றாகக் காகித உறையில் போட்டுத் தருகிறார். வைரஸை ஒன்றும் செய்யமாட்டாத அசித்ரோமைசினும் அதில் ஒன்று. இவ்வழக்கத்தை விடும்படி இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சிலேயே வேண்டிக்கொண்டது. பாரசிட்டமால் சூட்டைத் தணித்ததும், குணமாகிவிட்டதாக எண்ணி, நெரிசலான பஸ்ஸில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறோம். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிக்கூடங்களோ (இதைவிட விபரீதமான பரிசு உண்டோ!) குழந்தையையும் அவ்வாறே வரவழைக்கின்றன.

சிரமம் கூலிக்காரர்களுடையது. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலுள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கக்கூடும். கலவை சுமக்கும் சித்தாளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் அந்தப் பாக்கியமில்லை. படுத்தால் அடுப்பெரியாது என்றிருப்பவளிடம் ஓய்வைப் பற்றி உபதேசம் செய்வது பரிகாசமேயன்றி வைத்தியமாகாது.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்துமாவும் சர்க்கரை வியாதியும் உடையோர் ஆகியோர்க்கு இந்த ஜுரம் பிராணாபத்தாகவும் முடியலாம். ஓசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தாலே நன்கு பலிக்குமாதலால், அவர்கள் தாமதமின்றி டாக்டரிடம் போகவேண்டும். மூச்சுத் திணறினால் யாராயினும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கே.

கல்வி இலாகா அந்த வருகைப் பரிசை இந்த வருஷமே ரத்துச் செய்யட்டும். வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருப்போர், அவள் காய்ச்சலென்று சொல்லியனுப்பும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதிருப்பார்களாக. இதற்குச் சர்க்கார் உத்தரவு வரவேண்டியதில்லை.