குறைந்த விலைக் கைப்பேசியும் நமது அங்கத்தினர்களும்

ஆய்வின் பொருட்டுச் சங்கங்களுக்குச் செல்லும்போது, பதிவேடுகளைப் பார்த்து முடித்தபின் அங்கத்தினர்களுடன் சிறிது நேரம் அளவளாவிவிட்டு வருவது எனது வழக்கம். நூல் வரத்து, கூலி பட்டுவாடா, உர இருப்பு இவைபற்றியே முன்பெல்லாம் பேச்சு நடைபெறும். இப்பொழுது அவற்றோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. "வாங்கி ஆறு மாதங்கூட ஆகவில்லை, போன் நின்று நின்று போகிறதே, ஐயா!" என்று முறையிடாத அங்கத்தினரைக் காண்பது அபூர்வமாகிவிட்டது.

இவர்கள் வாங்கியவை பெரும்பாலும் 7,000 அல்லது 8,000 ரூபாய் விலையுள்ள ஸ்மார்ட்போன்கள். தறியில் அமர்ந்து பிழைக்கும் குடும்பத்திற்கு 8,000 ரூபாய் எளிய தொகையன்று. அதில் ஏறக்குறைய 1,220 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது; கைப்பேசிகளுக்கான ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரலில் 12 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. எஞ்சியதில் தயாரிப்பவர் லாபமும் கடைக்காரர் லாபமும் போகப் பொருளுக்கென்று என்ன மிஞ்சும் என்பதை, உற்பத்திச் செலவுக் கணக்குப் போட்டுப் பழகிய நம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கேனும் ஓரிடத்தில் குறைத்தே தீரவேண்டும். எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவதே விவேகம்.

நூற்கட்டின் மேலுள்ள வர்ணச் சீட்டைக் கண்டு எந்த நெசவாளரும் ஏமாறுவதில்லை. நம்பர் என்ன, முறுக்கு எப்படி என்று பிரித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பார். அதே நெசவாளர் போன் கடையில் "50 மெகாபிக்சல் காமிரா" என்ற எழுத்தைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்! பார்க்க வேண்டியது காமிராவை அன்று. ராம் எவ்வளவு, சேமிப்பிடம் எவ்வளவு என்பதையே. 2 ஜி.பி. ராமும் 32 ஜி.பி. சேமிப்பிடமும் உள்ள போனில், அந்த 32-ல் கணிசமான பகுதியை இயக்க மென்பொருளே பிடித்துக்கொள்கிறது. மீதியிடத்தில் காலை வணக்கப் படங்களும் கலியாண வீடியோக்களும் வாட்ஸ்அப் வழியே தாமாக வந்து குடியேறிவிடுகின்றன. இடம் நிரம்பியதும் போன் மந்தமாகிறது. படமும் வீடியோவும் தாமாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிட்டாலே பாதித் தொல்லை தீரும். "4+4 ஜி.பி. ராம்" என்று அச்சிட்டிருந்தால் அதில் பின்னுள்ள நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, உண்மையான ராமின் வேகம் அதற்குக் கிடையாது. கூடுதலாக ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கொடுத்தாவது 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் உள்ளதை வாங்குவதே சிக்கனம் என்பது எனது அபிப்பிராயம்.

கடைக்காரர் சொல்லாத சங்கதிகள் சில உண்டு. அவை தொழில் செய்யுமிடத்தில்தான் தெரியவரும். பல ஆண்டுகள் இழை பிடித்துத் தேய்ந்த விரல்களையும், மண்வெட்டி பிடித்து வெடித்த கைகளையும் மலிவான போனின் ரேகைக் கருவி அடையாளம் காணுவதில்லை. "என் கையையே இது நம்பமாட்டேன் என்கிறதே" என்று ஓர் அம்மையார் சிரித்துக்கொண்டே கூறினார். இத்தகையோர் ரேகையை விட்டு, ஆறிலக்க எண்ணைப் பூட்டாக வைத்துக்கொள்வதே நலம். தறிக் கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசு, சார்ஜ் செய்யும் துவாரத்தில் சிறிது சிறிதாக அடைந்து இறுகிவிடும். போன் கெட்டுவிட்டதென்று பழுதுபார்க்கக் கொடுத்த இருவருக்கு, அந்தத் தூசை எடுத்ததுமே சரியாகிவிட்டது. போனை அணைத்துவிட்டு மெல்லிய மரக்குச்சியால் எடுத்தால் போதும். ஊசியை நுழைத்தல் கூடாது. விவசாயிகளின் குறை வேறு. நண்பகல் வெயிலில் வயலில் நின்று பார்த்தால் மலிவான திரையில் எழுத்தே தெரிவதில்லை. 2018-ல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியை ஆர்வத்துடன் ஏற்றிக்கொண்ட ஒருவர், அதை இரவில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துதான் பார்க்க முடிகிறது என்றார்.

போன் உடையாமலிருந்தாலும் அதன் மென்பொருள் மூப்படைகிறது. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்கிய போன்களில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. பாங்கிச் செயலிகள் இன்னும் முன்னதாகவே கைவிட்டுவிடும். ஆகையால், பழைய போனைப் பாதி விலைக்கு வாங்குவோர் பதிப்பு எண்ணைக் கேட்டறிதல் அவசியம்.

போனைவிட முக்கியமானது அதிலுள்ள எண். 2019-ல் தொடங்கிய பி.எம்.கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய்த் தவணை வரவில்லை என்று ஒரு முதியவர் என்னிடம் வருந்தினார். விசாரித்ததில், ஆதாருடன் இணைந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருந்தது. சரிபார்ப்புக்கான ஓ.டி.பி. அங்கே போகும், பையன் பனியன் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் போனை எடுக்க இயலாது. பெரியவர் கையில் புதுப் போன் இருந்தும் பயனில்லை. (முக அடையாளத்தால் சரிபார்க்கும் வசதி 2023-ல் வந்திருப்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.)

இவ்வளவும் சொன்ன பின், நிர்வாகஸ்தர்களை நோக்கி ஒரு வார்த்தை. அண்மையில் ஒரு சங்கத்தில் பொதுக்கூட்ட அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே அனுப்பப்பட்டிருந்தது. "எல்லாரிடமும் போன் இருக்கிறதே, சார்" என்றார் காரியதரிசி. அங்கத்தினர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக இருவரும் பார்த்தோம். சிலரிடம் பட்டன் போன்தான் உண்டு. சிலரது போனில் இடமில்லாமல் வாட்ஸ்அப்பையே நீக்கியிருந்தார்கள். இரண்டு விதவைத் தாய்மார்களின் எண், பேரப்பிள்ளைகளுடையது. பங்குத் தொகை கட்டிய இவர்களுக்கு வாக்குரிமை உண்டு. கூட்டம் நடந்த செய்தியே தெரியாது. ஒருவரது போனின் சேமிப்பிடம் நிரம்பியதால் அவரது உரிமை குறைந்துவிடுமா என்று கேட்டேன். காரியதரிசி நல்லவர், மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் அறிவிப்பு வேண்டாமென்று நான் கூறவில்லை. விரைவில் போய்ச் சேர அது நல்ல சாதனமே. ஆனால், அச்சிட்ட அறிவிப்பும், அறிவிப்புப் பலகையும், கையொப்பம் வாங்கும் புத்தகமும் அதற்காக நிறுத்தப்படலாகாது. அந்தச் சங்கத்தின் ஆய்வுக் குறிப்பில் இதனை எழுதி, அறிவிப்பை முறைப்படி அளித்துக் கூட்டத்தை மறுபடியும் கூட்டுமாறு கேட்டுக்கொண்டேன். இம்முறை சங்கச் சிப்பந்தி சைக்கிளில் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கி வந்தார். அதற்கு இரண்டு நாட்கள் பிடித்தன.